வேலூர் வெயிலில் ஒரு கோதிக் குறும்படம்: டிம் பர்டனின் காட்சிமொழியை நம் தெருவில் பழகுவது எப்படி

குறும்படம் எடுக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் ‘கோதிக் பாணி’ (அச்சமும் சோகமும் கலந்த பழைய பேய்க்கதைப் பாணி) என்று சொல்லி முடித்ததும் அடுத்துக் கேட்பது, புகை இயந்திரம் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்பதைத்தான். பிறகு மெழுகுவர்த்தி, கருப்புத் திரை, நள்ளிரவு, சுடுகாடு என்று பட்டியல் நீளும். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் எனக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று தெரியும், வாங்கியும் கொடுத்திருக்கிறேன். அவற்றைத் திரட்டி எடுத்த படங்கள் பெரும்பாலும் இருட்டான படங்களாக இருந்தனவே தவிர, கோதிக் படங்களாக இருக்கவில்லை.

கோதிக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் இயக்குநர் டிம் பர்டன். அவருடைய படங்களில் ஆளை அதிகம் அடையாளம் காட்டுவது என்று நான் கருதும் ‘எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்’ (1990), பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு புறநகர்க் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த வீடுகளுக்கு மங்கிய பச்சை, நீலம், வெண்ணெய் மஞ்சள் என்று வண்ணம் அடித்தார்கள். அந்தத் தெருவுக்குள், தலை முதல் கால் வரை கருப்புத் தோலுடை அணிந்து, விரல்களுக்குப் பதிலாகக் கத்தரிக்கோல் அலகுகள் கொண்ட ஒரு பையனை நல்ல வெயிலில் நடக்க விட்டார்கள். பார்ப்பவருக்கு வரும் அச்சமும் இரக்கமும் இருட்டினால் வருபவை அல்ல. அவன் அந்தத் தெருவோடு ஒட்டாமல் நிற்பதால் வருபவை. வேலூர்க்காரர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இருக்க முடியாது. வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. வீடுகளுக்கு வண்ணம் அடிக்க வேண்டிய வேலையையும் நம் மக்கள் முன்னதாகவே முடித்து வைத்திருக்கிறார்கள்: கொசப்பேட்டையிலோ சத்துவாச்சாரியிலோ ஏதேனும் ஒரு சந்துக்குள் நுழைந்தால் ரோஜா நிறத்தில் ஒரு வீடும், கிளிப்பச்சையில் அடுத்த வீடும், ஊதா நிறத்தில் அதற்கடுத்த வீடும் வரிசையாக நிற்கும்.

பேனாவில் தொடங்குங்கள்

பர்டன் 1958-இல் கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரில் பிறந்தவர். அனிமேஷன் படித்து, டிஸ்னி நிறுவனத்தில் படம் வரைபவராக வேலை பார்த்தவர். இயக்குநரான பிறகும் பாத்திரங்களை முதலில் தாளில் கிறுக்கிப் பார்க்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. 2009-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களையும் பொம்மைகளையும் கொண்டு தனிக் கண்காட்சியே நடத்தியது. ஆகவே கேமராவைத் தொடுவதற்கு முன்பு நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் பாத்திரத்தை ஒரு தாளில் வரைந்து, உள்ளே இருக்கும் கண், மூக்கு, சட்டை எல்லாவற்றையும் கருப்பு மையால் முழுக்க நிரப்பிவிடுவது. அந்தக் கருப்பு உருவத்தை, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, இவன் எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள். பதில் வந்தால் உருவம் பிடிபட்டது என்று பொருள். ‘யாரோ ஒரு ஆள்’ என்று சொன்னால் திரும்ப வரையுங்கள். கைகளை நீட்டுங்கள், தோளைக் குறுக்குங்கள், தலைமுடியை விரித்துவிடுங்கள், கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. என்னுடைய ஆட்கள் எல்லாம் தென்னந்துடைப்பம் போலத்தான் இருப்பார்கள்.

இந்த வழக்கத்தின் வேர் ஜெர்மனியின் பழைய மௌனப் படங்களில் இருக்கிறது. 1920-இல் வெளிவந்த ‘டாக்டர் காலிகரியின் அறை’ என்ற படத்தில் சன்னல்கள் கோணலாக இருக்கும், சுவர்கள் சாய்ந்திருக்கும், நிழல்களில் பல விளக்கினால் விழுந்தவை அல்ல. தரையிலும் சுவரிலும் வண்ணத்தால் தீட்டப்பட்டவை. மனத்தின் கோணலை ஊரின் கோணலாகக் காட்டுவதுதான் அதன் நோக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘நாஸ்ஃபெராட்டு’ படத்தில், இரத்தம் குடிப்பவன் மாடிப்படி ஏறுவதை அவன் உடலைக் காட்டாமல், சுவரில் ஊர்ந்து ஏறும் நிழலை மட்டும் காட்டி நடத்தினார்கள். பர்டனிடம் நாம் காணும் சாய்ந்த வீடுகளும், சுருண்ட குன்றுகளும், கருப்பு வெள்ளைக் கோடுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. (சுருண்ட குன்றுக்குப் பேர்போன ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தைப் பலரும் பர்டன் இயக்கியதாக நினைக்கிறார்கள். கதை அவருடையது, தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு. ஆனால் 1993-இல் அதை இயக்கியவர் ஹென்றி செலிக்.)

இடம் தேடும்போது

வேலூரில் கோதிக் என்று சொன்னால் எல்லோருடைய விரலும் கோட்டையைக் காட்டும். காரணம் இல்லாமல் இல்லை. கருங்கல் மதில், அகழி, 1806 ஜூலை 10-ஆம் நாள் நடந்த சிப்பாய்ப் புரட்சி, திப்பு சுல்தானின் குடும்பத்தார் சிறை வைக்கப்பட்ட மாளிகைகள், கண்டியின் கடைசி மன்னன் விக்கிரமராஜசிங்கன் 1832-இல் இறக்கும் வரை இங்கேயே கைதியாக இருந்தது என்று, முடிந்துபோனவர்கள் முடியாமல் தங்கியிருக்கும் கட்டடம் அது. கோதிக் கதைக்கு அடிப்படையே அப்படி ஒரு கட்டடம்தான். ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிரைபாட் ஊன்றிப் படப்பிடிப்பு நடத்துவதற்கு முன் அனுமதியும் கட்டணமும் தேவை. ஆகவே கோட்டையைப் பாடம் படிக்கும் இடமாக வைத்துக்கொள்வது நல்லது என்பேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில், பாயும் குதிரைகளும் யாளிகளும் செதுக்கிய தூண்களைக் காலை வெயில் பக்கவாட்டில் தொடும் நேரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒளி ஒரு பக்கத்தில் மட்டும் விழும்போது கல் எப்படி உயிர் பெறுகிறது என்பதை எந்த ஒளிப்பதிவுப் பாடமும் அவ்வளவு தெளிவாகக் கற்றுத்தராது.

படம் எடுப்பதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. பர்டன் படங்களில் இலையற்று முறுக்கி நிற்கும் மரங்களை ‘ஸ்லீப்பி ஹாலோ’ (1999) படத்துக்காக ஸ்டுடியோவுக்குள்ளேயே காடாகக் கட்டினார்கள். நமக்குப் பாலாற்றங்கரையின் சீமைக்கருவேலம் போதும். மாலையில் சூரியனுக்கு எதிராக வைத்துப் பார்த்தால் அதன் கிளைகள் கிழவியின் விரல்களைப் போல இருக்கும். ஊருக்கு அது பெருங்கேடு, ஒளிப்பதிவாளனுக்கு மட்டும் நல்லது. முள்ளுக்கு அஞ்சி, மொத்தமான செருப்பு அணிந்து போங்கள். மொட்டைப் பனையும், பாறை மட்டுமே மிஞ்சிய நம் குன்றுகளும் இதே வகையைச் சேர்ந்தவை.

குடையும் நிழலும்: ஒரு ஷாட்

ஒரே ஒரு ஷாட்டை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். காட்சி இதுதான்: வண்ண வீடுகள் நிறைந்த சந்தில், உச்சி வேளையில், கருப்புக் குடை பிடித்த மெலிந்த மனிதர் ஒருவர் நடுத்தெருவில் வந்து நிற்கிறார், குடையை மடக்குகிறார், அவருக்கு நிழல் இல்லை.

இதற்குக் கணினி வேலை எதுவும் வேண்டாம். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 24-ஐ ஒட்டிய ஓரிரு நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதை நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் கொண்டாடுவது உண்டு. கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அல்ல, 12 மணி 10 நிமிட அளவில்தான் அந்தக் கணம் வரும். அதற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களே உங்கள் கையில் உள்ளன. முதல் முறை நாங்கள் முயன்றபோது, டீ வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. நடிகரின் காலடியிலிருந்து ஒரு சாணுக்கு மேல் நிழல் நீண்டு கிடந்ததைப் படத்தொகுப்பின்போதுதான் கவனித்தோம். ஆகவே ஒத்திகையை முதல் நாளே முடித்து, நிற்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

கேமராவை எதிர் வீட்டு மொட்டை மாடியில், கீழ்நோக்கிச் சாய்த்து அசையாமல் நிறுத்துங்கள். குடை விரிந்திருக்கும் வரை, அதன் நிழல் அவர் காலைச் சுற்றி வட்டமான ஒரு கருங்குழி போல விழும். பாதங்கள் அந்தக் கருமைக்குள் மறைந்து, கால் தரையில் பாவாதவர் போலத் தோன்றுவார். பேய்க்குக் கால் பாவாது என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குடையை மடக்கியதும் குழி மறைந்துவிடும். மேலிருந்து பார்க்கையில் அவர் உடலே காலடி நிழலை மறைத்துவிடுவதால், தரை வெறுமையாகத் தெரியும். அந்த வேளையில் தெருவிலுள்ள மின்கம்பத்துக்கும் நிழல் இருக்காது என்பதுதான் ஒரே சிக்கல். அவருக்கு மட்டும் நிழலில்லை என்பது பார்ப்பவருக்கு உறைக்காது. இங்கேதான் 1920-ஆம் ஆண்டு ஜெர்மானியர்களின் தந்திரம் கைகொடுக்கும். கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, மின்கம்பத்தின் அடியிலிருந்து தெருவின் குறுக்கே நீண்ட நிழலைத் தீட்டிவிடுங்கள். தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டுத் தீட்டுங்கள், முடிந்ததும் கழுவிவிடுங்கள். வெயிலின் திசைக்கும் அந்த நிழலுக்கும் பொருத்தமில்லை என்பதைக் கண் உணரும், மனம் உடனே காரணம் சொல்லாது.

ஒளியளவைத் தானியங்கியிடம் விடாதீர்கள். கைபேசியில் எடுப்பதானால் வண்ணச் சுவரின் மேல் விரலை அழுத்திப் பூட்டி, பிறகு ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒளியைப் பாதியாக்குங்கள். வெள்ளைச் சுவர் வெளுத்துப்போனால் மீட்க முடியாது. கருப்புக் குடையில் நுணுக்கம் தெரியாமல் போவது நமக்கு நன்மையே.

லென்ஸும் கோணமும்

பர்டன் அகல லென்ஸை விரும்புபவர். அகல லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, பின்னால் இருப்பதைத் தூரத்தில் தள்ளிவிடும். வராந்தா நீளும், மனிதனின் கை முகத்தைவிடப் பெரிதாகும். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமராவே 24 முதல் 26 மில்லிமீட்டருக்கு நிகரானது என்பதால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். காலால் நடந்து அருகே போனால் போதும். இன்னும் அகலமான இரண்டாவது கேமராவைப் பகலில் மட்டும் பயன்படுத்துங்கள், இருட்டில் அது புள்ளிபுள்ளியாகக் காட்டும். தரையளவுக் கோணம் வேண்டுமானால் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை உரசும்படி பிடித்து, பிறகு படத்தை நிமிர்த்திக்கொள்ளுங்கள். சட்டத்தைச் சாய்த்து எடுப்பதை ஒரு படத்தில் இரண்டு முறைக்கு மேல் செய்தால் பார்ப்பவர்களுக்குக் கழுத்துதான் வலிக்கும்.

இரவுக் காட்சிக்கு விளக்கு

வீட்டுக்குள் இரவுக் காட்சி எடுக்கும்போது முதல் வேலை டியூப்லைட்டை அணைப்பது. கூரையிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும் வெளிச்சத்தில் எந்தப் பேயும் நிற்காது. முகத்துக்கு ஒரு பக்கம், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரே விளக்கை வையுங்கள். மறுபக்கச் சுவரில் ஒளி பட்டுத் திரும்பாமல் கருப்புத் துணி தொங்கவிடுங்கள். வெளிச்சமான கன்னம், இருண்ட கன்னத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப், ஒளி பெற்றிருக்கும்படி பார்த்துக்கொண்டால் வேண்டிய கடுமை வந்துவிடும். ஷட்டரை 50-இல் ஒரு பங்கு விநாடியில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குத் துடிப்பு அப்போது படத்தில் பதியாது. பழைய வீடுகளில் 1000 வாட் ஹாலஜனைப் பொருத்தி ஃபியூஸ் போன அனுபவம் எனக்கு உண்டு; இப்போது எல்இடி விளக்கை மட்டுமே எடுத்துப் போகிறேன்.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பொருளைப் பிடித்தால் சுவர் கதை சொல்லத் தொடங்கும். தென்னங்கீற்று, சன்னல் கிராதி, முறம், கயிற்றுக் கட்டிலின் பின்னல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிழல் தரும். பொருளை விளக்கின் அருகே கொண்டுபோனால் நிழல் பெரிதாகி விளிம்பு மங்கும். சுவர் அருகே கொண்டுபோனால் சிறிதாகிக் கூர்மை பெறும். மாடிப்படி உள்ள வீடு கிடைத்தால், விளக்கைக் கீழ்ப்படியில் தரையில் வைத்து, ஆளை மேலே ஏற விட்டு, நிழலை மட்டும் எடுங்கள்.

புகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாம்பிராணி போதும். மூடிய அறையில் தூபக்காலைச் சுற்றிக் காட்டி, அதை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்தால் புகை சமமாகப் பரவும். விளக்கை ஆளுக்குப் பின்னால் வைத்தால்தான் புகை கண்ணுக்குத் தெரியும்; முன்னால் வைத்தால் படம் வெளுத்துப் போகும், அவ்வளவுதான். இழுப்பு உள்ளவர்களை அறைக்குள் வைக்காதீர்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

முகம், உடை, நுழைவு

பர்டன் படப் பாத்திரங்கள் வெளுத்த முகமும் குழிந்த கண்ணுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகள் நடிகரின் முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிவிடுகிறார்கள். நம் நிறத்தில் அது சுண்ணாம்பு அடித்தது போலத்தான் இருக்கிறது. சித்திரை மாத வியர்வையில் கோடு கோடாக வழிந்தும் விடுகிறது. அந்த வெளுப்பின் நோக்கம் இரத்த ஓட்டம் இல்லாத தோற்றம். அதை அடைய, உதட்டின் சிவப்பையும் கன்னத்தின் மினுமினுப்பையும் எடுத்துவிட்டு, கண்ணுக்கடியிலும் கன்னக் குழியிலும் ஊதா கலந்த பழுப்பை மெல்லத் தேய்த்தாலே போதும். எண்ணெய்ப் பளபளப்பைப் போக்கச் சலித்த திருநீற்றை ஒற்றிக்கொள்ளலாம்.

எட்வர்டின் உடையை வடிவமைத்தவர் காலின் ஆட்வுட். தோலும் வாரும் பக்கிளும் சேர்த்துத் தைத்த, ஒட்டுப்போட்டது போன்ற உடை அது. தோல் வேலைக்கு ஆம்பூரும் இராணிப்பேட்டையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தெரிந்தவர்கள் மூலம் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு பழைய சட்டையின் மேல் தைத்துக்கொள்ளுங்கள். தோல் துண்டுகள் ஒரே கருப்பாக இல்லாமல் இருப்பதே நல்லது.

இந்தப் பாத்திரத்தை முதல் முறை எப்படிக் காட்டுவது என்பதற்குப் பர்டனைவிடத் தெருக்கூத்தே நல்ல ஆசான் என்பது என் கருத்து. வட ஆற்காட்டுக் கூத்தில் முக்கிய வேஷம் களரிக்கு வரும்போது, இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் ஆடிக்கொண்டே வருவார். திரைக்கு மேலே கிரீடம் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், குரல் கேட்கும், முகம் தெரியாது. கூட்டம் முழுக்க அந்த முகத்துக்காகக் காத்திருக்கும். அதையே ஷாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மதிலுக்கு மேல் நகரும் குடையின் நுனி, அடுத்துக் கேட்டுக்குக் கீழே தெரியும் செருப்பு, அடுத்துக் கதவைத் தட்டும் நீண்ட விரல். முகத்தை மூன்றாவது நிமிடம் வரை ஒளித்து வைக்க முடிந்தால் வையுங்கள்.

நிறமும் ஒலியும்

‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) என்ற ஸ்டாப்-மோஷன் படத்தில் (பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுக்கும் படம்) பர்டனும் உடன் இயக்கிய மைக் ஜான்சனும் நிறத்தைத் தலைகீழாக மாற்றினார்கள்: உயிரோடு இருப்பவர்களின் ஊர் சாம்பல் நிறம், செத்தவர்களின் ஊர் வண்ணக் கோலாகலம். சாவு ஊர்வலத்தில் பூவும் பறையும் ஆட்டமுமாகப் போகும் நமக்கு இது புதிதல்ல. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு, வெட்டுண்ட தலை என்பது பயத்தின் குறி மட்டுமல்ல என்பது தெரியும்; மாலையும் மஞ்சளும் சூடி, பக்திப் பரவசத்தோடு அது தெருவில் வருகிறது. தலையில்லாக் குதிரைவீரனை வைத்து எடுத்த ‘ஸ்லீப்பி ஹாலோ’வில் எல்லா நிறமும் வடிந்து இரத்தம் மட்டும் மிஞ்சும். நீங்கள் இந்த இரண்டில் ஒரு வழியை முன்னதாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். நிறத்தை வடிப்பதானால், கலர் கிரேடிங்கில் எல்லா நிறங்களையும் பாதியளவு குறைத்து, குங்குமச் சிவப்பை மட்டும் விட்டுவையுங்கள். அந்தச் சிவப்பு படம் முழுவதும் ஒரே ஒரு பொருளில் இருக்கட்டும். குடைக் காட்சிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வீடுகளின் நிறம் முழுதாக இருந்தால்தான் கருப்பு உறுத்தும்.

இசைக்கு, பர்டன் படங்களின் இசையமைப்பாளர் டேனி எல்ஃப்மனைப் போலக் குழந்தைகளின் கோரஸும் மணியோசையும் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். குடியாத்தம் பக்கத்துக் கைத்தறியின் தட்டொலியை அரை மணி நேரம் பதிவுசெய்து, வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டுப் பாருங்கள். பின்னிரவில் காட்பாடிச் சந்திப்பின் பக்கமிருந்து கேட்கும் ரயில் ஊதல், தூரத்தில் அடங்கும் பம்பை ஆகிய இரண்டையும் அதன் மேல் சேர்த்தால், வெளியூர்க்காரர் யாராலும் உண்டாக்க முடியாத ஒலி உங்களுடையதாகிவிடும். குடை மடங்கும் கணத்தில் மட்டும் எல்லா ஒலியையும் நிறுத்திவிடுங்கள்.

ஏப்ரலில் அந்தக் கணம் தவறிப்போனால், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டிச் சூரியன் இன்னொரு முறை உச்சிக்கு வரும்; அப்போது நேரம் 12 மணி 15 நிமிடத்தைத் தாண்டியிருக்கும். அது மேகம் திரளும் பருவம் என்பதால், நடிகரையும் மொட்டை மாடிக்காரரையும் மூன்று நாட்களுக்குச் சேர்த்தே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.